கையை எடுத்தாலும் நேராகப் பறக்க வேண்டும்: சிறு விமானத்தின் நிலைத்தன்மை, ரிக்கிங், ட்ரிம்

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு விமானம் புதிதல்ல. அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளம் இயங்கி வருகிறது. வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் உள்ள சிறிய விமான தளம், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் ராஜாளியிலிருந்து கிளம்பும் பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானம் முழுச் சுமையோடு 80 டன்னைத் தாண்டும். இந்தக் கட்டுரை பேசப்போவதோ ஒரு கொட்டகைக்குள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கையால் கட்டக்கூடிய, ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள, இரண்டு பேர் அமரும் விமானத்தைப் பற்றி. அப்படிப்பட்டவற்றை நம் நாட்டிலும் கட்டுகிறார்கள். பெங்களூருவின் ராஜ் ஹம்சா நிறுவனம் தயாரித்த எக்ஸ்-ஏர் என்ற இலகு விமானம், உதிரிகளாகப் பெட்டியில் போய், வெளிநாடுகளில் பலருடைய கார் ஷெட்டுகளில் உருப்பெற்றது. மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி மொட்டை மாடியிலேயே கட்டிய விமானத்துக்கு 2017-இல் அரசுப் பதிவு கிடைத்தது.

இத்தகைய விமானத்தைக் கட்டத் தொடங்கும் எவரும் மூன்று சொற்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். காற்று தட்டிவிட்டாலோ விமானியின் கை தவறினாலோ, விமானம் தானாகவே பழைய நிலைக்குத் திரும்ப முயலும் இயல்பு நிலைத்தன்மை. இறக்கை, வால், அவற்றில் கீல் போட்டு அசையும் கட்டுப்பாட்டுப் பரப்புகள் ஆகியவற்றை வரைபடம் சொல்லும் கோணத்திலும் தூரத்திலும் பொருத்தி, கேபிள்களை உரிய இறுக்கத்தில் நிறுத்துவது ரிக்கிங். விமானி தன் கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லாமல், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் விமானம் தன்போக்கில் பறக்கும்படி செய்யும் கடைசிச் சிறு திருத்தம் ட்ரிம். நிலைத்தன்மை வரைபடத்திலும் எடைப் பங்கீட்டிலும் தீர்மானமாகிறது, ரிக்கிங் கொட்டகைத் தரையில் நடக்கிறது, ட்ரிம் பறந்து பார்த்த பிறகே முடிகிறது. இந்த வரிசையை மாற்றி, எடையில் உள்ள கோளாறையோ இறக்கைக் கோணத்தில் உள்ள கோளாறையோ, கட்டுப்பாட்டுப் பரப்பின் பின்விளிம்பில் ஒட்டும் சிறு ட்ரிம் தகட்டால் மூடி மறைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறுகளில் ஆபத்தானது என்பது என் கருத்து.

ஈர்ப்பு மையம் எங்கே இருக்க வேண்டும்

விமானம் மூன்று அச்சுகளில் திரும்பக்கூடியது. மூக்கு மேலும் கீழும் ஆடுவது, இறக்கைகள் பக்கவாட்டில் சாய்வது, மூக்கு இடமும் வலமும் திரும்புவது. இவற்றுள் முதலாவதில் கோளாறு இருந்தால் மற்ற இரண்டைப் பற்றிக் கவலைப்பட வாய்ப்பே கிடைக்காமல் போகலாம் என்பதால் அதை முதலில் பார்ப்போம்.

கரும்பு ஏற்றும் மாட்டுவண்டியில் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வதை நம் பக்கத்தில் கேட்டிருப்போம். பாரம் முன்னால் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடியே மேலே தூக்கிக்கொள்ளும். விமானத்திலும் முன்பாரம் ஓரளவு பொறுக்கக்கூடியது, பின்பாரம் கொடியது. ஆனால் அங்கே சக்கரத்தின் அச்சுக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி இருக்கிறது. இறக்கையும் வாலும் சேர்ந்து தரும் தூக்குவிசையில் ஏற்படும் கூடுதல் எந்த இடத்தில் செயல்படுகிறதோ, அந்த இடத்தை நடுநிலைப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். காற்று வீசி மூக்கைச் சற்று உயர்த்தும்போது இறக்கையும் வாலும் காற்றைச் சந்திக்கும் கோணம் கூடுகிறது, அதனால் தூக்குவிசையும் கூடுகிறது. ஈர்ப்பு மையம் நடுநிலைப் புள்ளிக்கு முன்னால் இருந்தால், பின்னால் பிறந்த அந்தக் கூடுதல் விசை வாலை உயர்த்தி மூக்கை மறுபடியும் தாழ்த்திவிடும். ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்து அந்தப் புள்ளியிலேயே அமர்ந்தால், மூக்கு போன இடத்திலேயே நின்றுவிடும். அதற்கும் பின்னால் போனால், உயர்ந்த மூக்கு மேலும் மேலும் உயரவே பார்க்கும். அதை எந்த ட்ரிம் தகட்டாலும் தடுக்க முடியாது.

இதில் வாலின் கோணத்துக்கும் பங்குண்டு. பெரும்பாலான சிறு விமானங்களில் இறக்கையைவிட வாலின் கிடைப்பரப்பு இரண்டு மூன்று டிகிரி குறைவான கோணத்தில் பொருத்தப்படுகிறது. பிரான்சின் அல்ஃபோன்ஸ் பெனோ 1871-இல் ரப்பர் முறுக்கால் பறக்கும் சிறு மாதிரியைச் செய்து, பாரிஸின் தூலெரி தோட்டத்தில் 11 வினாடி தானாகப் பறக்கவிட்டபோது, இந்தக் கோண வேறுபாடுதான் அதை நிலையாக வைத்திருந்தது. ரைட் சகோதரர்களின் 1903-ஆம் ஆண்டு விமானம் பறந்தது, ஆனால் மூக்கசைவில் அதற்கு நிலைத்தன்மை கிடையாது. ஒவ்வொரு நொடியும் கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு நுட்பமான விஷயம் என்பது விளங்கும். கற்பனையாக ஒரு விமானம்: இறக்கையின் அகலம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 1.40 மீட்டர். அளவுகளையெல்லாம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எடுக்கிறோம். முதன்மைச் சக்கரங்கள் அதற்கு 0.70 மீட்டர் பின்னால், மூக்குச் சக்கரம் 0.80 மீட்டர் முன்னால். பறக்கும் நிலையில் மட்டம் பார்த்து நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு தராசு வைத்தால் இடது 118, வலது 117, மூக்கு 65 கிலோ காட்டுகின்றன. ஆக வெற்று எடை 300 கிலோ. 235-ஐ 0.70-ஆல் பெருக்கினால் 164.5, 65-ஐ 0.80-ஆல் பெருக்கினால் 52. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, வரும் 112.5-ஐ 300-ஆல் வகுத்தால் 0.375 மீட்டர். வடிவமைப்பாளர் 0.28 முதல் 0.45 வரை அனுமதித்திருக்கிறார் என்று கொண்டால், வெற்று விமானம் நடுவாந்தரமாக நிற்கிறது.

இப்போது 0.60 மீட்டரில் இருவர், சேர்ந்து 150 கிலோ, 0.40 மீட்டரில் 40 கிலோ எரிபொருள். மொத்தம் 490 கிலோ, ஈர்ப்பு மையம் 0.446. வரம்பை ஒட்டி நிற்கிறது, ஆனால் உள்ளேதான். அத்துடன் இருக்கைக்குப் பின்னால், 1.20 மீட்டரில், 10 கிலோ பை ஒன்றைப் போடுகிறோம். ஈர்ப்பு மையம் 0.461 ஆகிவிடுகிறது. எடை வெறும் 500 கிலோதான். இறக்கை அதைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் விமானம் வரம்பைத் தாண்டிவிட்டது. தரையில் நிற்கும்போது இதற்கு எந்த அறிகுறியும் தெரியாது. பறக்கும்போது தண்டு வெண்ணெய்போல் இலகுவாக அசையும். அனுபவமில்லாதவர் அதை நல்ல குணம் என்றே எண்ணக்கூடும். ஈர்ப்பு மையம் பின்தள்ளிய விமானம் சுழன்று விழத் தொடங்கினால் மீள்வதும் கடினம். முன்வரம்பைத் தாண்டினால் வேறு தொல்லை: தண்டு கனக்கும், இறங்கும்போது வேகம் குறையக் குறைய மூக்கை உயர்த்த, வாலின் கிடைப்பரப்பில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டருக்குப் போதிய வலு இருக்காது. அது சக்கரத்தையும் புரொப்பெல்லரையும் பழுதாக்கும். உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் பின்பாரமே.

வீட்டில் கட்டும் விமானங்களின் வரலாற்றில் இதற்கு மறக்கக்கூடாத சாட்சி ஒன்று உண்டு. பிரான்சின் ஆன்ரி மின்யே வடிவமைத்த எச்.எம்.14 என்ற ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ 1933-இல் முதலில் பறந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறக்கைகள், பக்கவாட்டுச் சாய்வுக்கு இறக்கை நுனியில் அசையும் ஏலரான் கிடையாது, மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் முன்னிறக்கையையே சாய்க்க வேண்டும். எளிமையும் மலிவும் கண்டு ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கானோர் அதைக் கட்டத் தொடங்கினார்கள். பிறகு உயிர்ப்பலிகள் வரிசையாக நிகழ்ந்தன. 1936-இல் பிரான்சிலும், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் முழு அளவு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது காரணம் வெளிப்பட்டது. இரண்டு இறக்கைகளும் மிக நெருங்கியிருந்ததால், விமானி மூக்கை உயர்த்த முன்னிறக்கையைச் சாய்க்கும்போது அதன் பின்விளிம்பு பின்னிறக்கையை அணுகி, நடுவிலிருந்த இடைவெளி வழியே பாய்ந்த காற்று பின்னிறக்கையின் தூக்குவிசையைக் கூட்டி மூக்கைக் கீழேயே தள்ளியது. செங்குத்தாகப் பாயும் நிலையில் தண்டை இழுக்க இழுக்க மீட்சியே இல்லை. கட்டியவர்களின் கைத்திறனை இதில் குறை சொல்ல முடியாது. சில விமானங்கள் மிக நேர்த்தியாகக் கட்டப்பட்டவை. வடிவத்திலேயே இல்லாத நிலைத்தன்மையைக் கைத்திறனால் கொண்டுவர இயலாது என்பதால்தான், முதல் விமானத்தைக் கட்டுபவர் பலர் கட்டிப் பறந்து பார்த்த வரைபடத்தையே எடுக்க வேண்டும் என்கிறேன்.

பக்கவாட்டு நிலைத்தன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னிருந்து பார்த்தால் இறக்கை நுனிகள் சற்று உயர்ந்திருப்பது டைஹெட்ரல். ஒரு இறக்கை தாழ்ந்து விமானம் அந்தப் பக்கம் வழுக்கும்போது, பக்கத்திலிருந்து வரும் காற்று தாழ்ந்த இறக்கையைக் கூடுதல் கோணத்தில் சந்தித்து அதை உயர்த்துகிறது. உடலுக்கு மேலே இறக்கை வைத்த விமானத்தில் உடலைச் சுற்றிவரும் காற்றே இந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடுவதால் டைஹெட்ரல் குறைவாக இருந்தாலும் போதும். செங்குத்து வால் மூக்கைக் காற்றின் திசைக்கே திருப்பிக்கொண்டிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே அளவுப் பொருத்தம் வேண்டும்: டைஹெட்ரல் மிஞ்சினால் விமானம் வாலை ஆட்டிக்கொண்டே போகும், செங்குத்து வால் மிஞ்சினால் கைவிட்டபின் மெதுவாக ஒரு பக்கம் சுருள் வட்டமிட்டு இறங்கும். இரண்டாவது மிகவும் மெதுவானது என்பதால் பெரும்பாலான விமானங்களில் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

தூக்குக்குண்டும் ரசமட்டமும்

ரிக்கிங் வேலைக்கு வேண்டிய கருவிகளில் பாதி நம் ஊர் மேஸ்திரியின் பையிலேயே இருக்கின்றன: தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல், டேப். தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவல் எட்டு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு இறக்கை நுனிகளின் உயரத்தை ஒப்பிட, விலையுயர்ந்த கருவிகள் பலவற்றைவிட நம்பகமானது. கூடுதலாக வாங்க வேண்டியது, டிகிரியைப் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் டிஜிட்டல் கோணமானி ஒன்றே.

முதலில் உடலை நெடுக்கிலும் குறுக்கிலும் மட்டமாக நிறுத்த வேண்டும். எந்தப் பரப்பில் ரசமட்டத்தை வைக்க வேண்டும் என்பதை வரைபடமே சொல்லும். பிறகு மூக்கின் நடுவிலிருந்தும் வால் தூணிலிருந்தும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, இரண்டு புள்ளிகளையும் சேர்த்துத் தரையில் நூல் அடித்தால் அதுவே நடுக்கோடு. ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் உள்ளதுபோன்ற இருபக்கமும் திறந்த தகரக் கொட்டகையில், நூல் ஒரு நிமிடமும் அசையாமல் நிற்காது. குண்டை ஒரு டப்பா எண்ணெயில் பாதி அமிழ்த்திவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். மேலே நூலின் நிழலை வைத்துக் குறி போடாமல், குண்டின் முனை நிற்கும் இடத்தையே டப்பாவின் விளிம்புகளுக்கிடையே குறுக்கு நூல் கட்டிப் பிடிக்க வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் இந்த நடுக்கோடு தவறினால் பின்னால் எடுக்கும் எல்லா அளவும் தவறும்.

இரண்டு இறக்கை நுனிகளிலிருந்தும் வால் தூணுக்கு உள்ள தூரம் சமமாக இருந்தால் இறக்கைகள் உடலுக்குச் செங்கோணத்தில் உள்ளன. அடுத்தது பொருத்துகோணம், அதாவது இறக்கை உடலோடு செய்யும் கோணம். 1.40 மீட்டர் அகலத்தில் அரை டிகிரி என்பது பின்விளிம்பில் 12 மில்லிமீட்டர்தான். ஆனால் இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் அந்த அரை டிகிரி வேறுபாடு இருந்தால், சாதாரணப் பயண வேகத்தில் ஒரு பக்கத்தின் தூக்குவிசை தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். 500 கிலோ விமானத்தில் அது ஒரு பக்கம் 25 கிலோ மூட்டையைக் கட்டியதற்குச் சமம். விமானி அதை ஏலரானால் தாங்கிக்கொண்டே பறக்க வேண்டும்.

பல விமானங்களில் இறக்கையின் நுனி, உடலோடு சேரும் அடிப்பகுதியைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்த கோணத்துக்கு முறுக்கப்பட்டிருக்கும்; வாஷவுட் என்பது இதைத்தான். வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கத் தொடங்கும்போது அடிப்பகுதி முதலில் இழக்கட்டும், ஏலரான் உள்ள நுனி கடைசிவரை வேலை செய்யட்டும் என்பது நோக்கம். இடமும் வலமும் இந்த முறுக்கு வேறுபட்டால், பயண வேகத்தில் ஒன்றும் தெரியாமல், இறங்கும் மெதுவான வேகத்தில் திடீரென ஒரு இறக்கை மட்டும் கவிழும். இறக்கையைத் தாங்க, உடலிலிருந்து சாய்வாகப் போகும் ஸ்ட்ரட் எனும் தாங்குகம்புகள் முன்பின்னாக இரண்டு உள்ள மேலிறக்கை விமானத்தில் பின் ஸ்ட்ரட்டின் நீளத்தைத் திருகி மாற்ற முடியும். அதைக் குறுக்கினால் பின்விளிம்பு கீழே இழுபட்டுக் கோணம் கூடும், நீட்டினால் குறையும். திருகும்போது மரை போதிய ஆழம் உள்ளே இருக்கிறதா என்பதை, முனையில் அதற்கென விட்டிருக்கும் சிறு துளையில் கம்பி செருகிப் பார்ப்பது கட்டாயம்.

கேபிள்களுக்கு வருவோம். தண்டிலிருந்தும் பெடலிலிருந்தும் வால்வரை போகும் எஃகுக் கேபிள்களின் நடுவே டர்ன்பக்கிள் என்ற திருகு இணைப்பு இருக்கும். அதைத் திருகினால் இரு முனைகளும் ஒரே நேரத்தில் நெருங்கி இழுவிசை கூடும். இறுக்கிய பின் இரு பக்கமும் மூன்று மரைக்கு மேல் வெளியே தெரியக்கூடாது. பிறகு கம்பி சுற்றிப் பூட்ட வேண்டும், இல்லையேல் அதிர்வில் தானாகத் தளரும். கேபிள் தளர்ந்திருந்தால் கட்டுப்பாட்டுப் பரப்பில் ஆட்டம் விடும், வேகத்தில் அது படபடக்கத் தொடங்கினால் சில நொடிகளில் பிய்ந்துபோகலாம். அளவுக்கு மீறி இறுக்கினால் கப்பிகளில் உராய்வு கூடும். உராய்வு கூடிய விமானத்தில் தண்டு விட்ட இடத்திலேயே நின்றுவிடுவதால், நல்ல நிலைத்தன்மை உள்ள விமானமும் பழைய வேகத்துக்குத் திரும்பாமல் போய், கோளாறு வடிவமைப்பில் இருப்பதுபோல் மயக்கும்.

நம் ஊர் வெயிலுக்கு இங்கே தனி இடம் உண்டு. ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கும், துத்தநாகம் பூசிய எஃகுக் கேபிள் சுமார் 12 பங்கும் நீளும். ஐந்து மீட்டர் அலுமினிய உடலில், காலைக்கும் உச்சிப்பொழுதுக்கும் 20 டிகிரி வேறுபாடு என்றால் உடல் 2.3 மில்லிமீட்டர் நீள்கிறது, கேபிள் 1.2 மட்டுமே. மீதி 1.1 மில்லிமீட்டர் அளவுக்குக் கேபிள் இழுபட்டு விறைக்கும். கேபிளில் அது சிறு மாற்றமல்ல. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் மதியத்தில், தகரக் கூரையின் கீழ், கருவி சரியான இழுவிசையைக் காட்டுகிறது என்று பூட்டிவிட்டால், 2000 மீட்டர் உயரத்தின் குளிர்ச்சியில் அதே கேபிள் தொளதொளத்திருக்கும். ஆகவே வெப்பநிலைக்கேற்ற இழுவிசை அட்டவணையைப் பார்த்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் விடியற்காலையில், உடலும் கேபிளும் ஒரே சூட்டில் இருக்கும் நேரத்தில் இந்த வேலையை முடிப்பது நல்லது. உடலே எஃகுக் குழாயால் ஆனதென்றால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே நீளும், இந்தக் கவலை இல்லை.

எல்லாம் பூட்டியபின் திசையைச் சோதிக்க வேண்டும். கட்டைவிரலை உயர்த்தித் தண்டைப் பிடித்து வலப்புறம் சாய்த்தால், விரல் காட்டும் பக்கத்து ஏலரான் மேலே எழ வேண்டும். ஏலரான் கேபிள்கள் மாறிப்போய்த் தலைகீழாக இணைக்கப்பட்டதால் விழுந்த விமானங்கள் உலகெங்கும் உண்டு. அவற்றை இணைத்தவர்களில் பல ஆண்டு அனுபவசாலிகளும் இருந்தார்கள். இணைத்தவரே பார்த்தால் போதாது, வேறொருவர் பார்க்க வேண்டும் என்ற விதி அதனால் வந்தது.

பறந்தபின் செய்யும் திருத்தம்

உரிய அனுமதியோடு, தகுதியுள்ள சோதனை விமானி பறந்து பார்த்து, ‘இடது இறக்கை கனக்கிறது’ என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே ஏலரானில் தகடு ஒட்டத் தோன்றும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. இருவர் அருகருகே அமரும் விமானத்தில் அவர் தனியாக இடது இருக்கையில் அமர்ந்திருந்தால், இடப்பக்கம் கனக்கத்தான் செய்யும். இரண்டு இறக்கைத் தொட்டிகளில் ஒன்று மட்டும் காலியாகியிருக்கலாம். விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டும் வழுக்குமானியின் பந்து நடுவில் இல்லாவிட்டால், மூக்கு ஒரு பக்கம் திரும்பியிருப்பதே இறக்கை சாய்வதற்குக் காரணமாக இருக்கும். அப்போது செங்குத்து வாலில் இடமும் வலமும் அசையும் ரடரைச் சரிசெய்தாலே இறக்கைக் கனம் போய்விடும். பந்தும் நடுவில் நிற்கிறது, எரிபொருளும் சமம் என்றால், இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் ஃபிளாப்புகள் இரண்டும் ஒரே உயரத்தில் மூடுகின்றனவா என்று பார்த்து, பிறகு பொருத்துகோணத்தை மறுபடி அளந்து, தேவையானால் பின் ஸ்ட்ரட்டை ஓரிரு சுற்று திருத்த வேண்டும். தகடு அதற்கும் பிறகே.

ட்ரிம் தகடு தான் ஒட்டியிருக்கும் பரப்பை எதிர்த்திசையில் தள்ளும். ரடர் வலப்பக்கம் போக வேண்டுமானால் தகட்டை இடப்பக்கம் வளைக்க வேண்டும்; எலிவேட்டர் கீழே போக வேண்டுமானால் தகடு மேலே. ரடருக்குத் தரையில் வளைத்துவைக்கும் நிலையான தகடே போதும். ஆனால் அது ஒரே ஒரு வேகத்துக்கும் ஒரே எஞ்சின் திறனுக்கும்தான் சரியாக இருக்கும், ஏனெனில் புரொப்பெல்லர் தள்ளும் காற்று சுழன்றுவந்து செங்குத்து வாலைத் தாக்குவது எஞ்சின் திறனோடு மாறுகிறது. பயண வேகத்துக்கு வளைத்துவிட்டு, மேலேறும்போது காலால் சற்று அழுத்திக்கொள்வது வழக்கம். எலிவேட்டருக்கு மட்டும், எரிபொருள் குறைவதாலும் வேகம் மாறுவதாலும் தேவை அடிக்கடி மாறுவதால், உள்ளிருந்தே இயக்கும் தகடோ ஸ்பிரிங் அமைப்போ வேண்டும்.

எலிவேட்டர் ட்ரிம் சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மணிக்கு 144 கிலோமீட்டரில் ட்ரிம் செய்து, தண்டைச் சற்று இழுத்து வேகத்தை 15 கிலோமீட்டர் குறைத்து, பிறகு கையை எடுத்துவிட வேண்டும். மூக்கு தாழ்ந்து வேகம் கூடும், பிறகு உயர்ந்து குறையும், மறுபடி தாழும். ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆராய்ந்த அலைவு இது. அவருடைய வாய்பாட்டின்படி இந்த வேகத்தில் ஒரு அலைவுக்கு ஏறத்தாழ 18 வினாடி ஆகும். அலைவு படிப்படியாகச் சிறுத்து, பழைய 144-ஐ ஒட்டி அடங்கினால் நிலைத்தன்மையும் ட்ரிம்மும் சரி. அடங்கியது, ஆனால் வேறொரு வேகத்தில் நின்றது என்றால் உராய்வைத் தேடிக் கேபிளுக்கும் கப்பிக்கும் திரும்ப வேண்டும். வீச்சு வளர்ந்துகொண்டே போனால் சோதனையை அங்கேயே நிறுத்தி இறங்கி, தராசுகளை எடுத்து மறுபடி எடை போட வேண்டும்.

தகட்டை முதலில் ஒட்டுநாடாவால் ஒட்டிப் பறந்து, நீளத்தையும் வளைவையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, சரியான அளவு கிடைத்த பிறகே ரிவெட் அடிக்கிறார்கள். அதன் பின் அந்தப் பரப்பைக் கழற்றி, கீல் அச்சில் நிறுத்தி எடைச் சமநிலை பார்க்க வேண்டும். பின்விளிம்பில் ஏறிய சில கிராம் தகடும், அழகுக்காகப் பூசிய இன்னொரு அடுக்குப் பெயின்டும் படபடப்பு தொடங்கும் வேகத்தைக் குறைத்துவிடக்கூடும். வளைத்த கோணம், அப்போதிருந்த எடை, வேகம், வெப்பநிலை ஆகியவை விமானத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். இறக்கையைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்கள்.